மறுபடியும் ஒரு சீடியா

எட்டு வருடம் கழித்து மறுபடியும் ஒரு மிட்சுபிஷி சீடியா எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. 2008 மாடல், கோயம்புத்தூர் நம்பர், வெள்ளி நிறம். வடசென்னையில், திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் ஒரு கார் நுழைந்தால் எதிரே வரும் ஆட்டோ பின்னுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் அகலம். இந்தத் தெருவுக்கு இரண்டு லிட்டர் இன்ஜின் எதற்கு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சீடியாவை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான்கு கதவு, பின்னால் டிக்கி, பார்வைக்குக் குடும்பக் கார். ஆனால் 2006-ல் அது இங்கே விற்பனைக்கு வந்தபோது எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டக்கூடிய தூரத்தில் அதைவிட ஓட்டுகிறவனுக்கென்று செய்த வண்டி எதுவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 1,999 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, 115 குதிரைசக்தி. அன்றைய கார்கள் பலவற்றில் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே உத்தரத்தில் கட்டியிருப்பார்கள்; ஒரு பக்கம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கமும் அசையும். சீடியாவில் பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். ஒவ்வொரு சக்கரமும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். உலக ராலிகளில் பேர் வாங்கிய லான்சர் எவல்யூஷன் கார்களில் 7 முதல் 9 வரை இந்த சீடியாவின் அடித்தளத்தின் மேல் எழுந்தவை. நம் நாட்டு ராலிகளிலும் பல வருடம் மண்ணைக் கிளப்பிக்கொண்டு முன்னால் ஓடியது சீடியாதான். எம்ஆர்எஃப் அணிக்காக கௌரவ் கில் ஓட்டிய சீடியாக்களின் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி ஆபீஸ் மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வண்டி திருவள்ளூரில் பிறந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் அங்கே லான்சர் செய்ய ஆரம்பித்தது. சீடியாவும் அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் வந்தது. இப்போது அதே இடத்தில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன.

சென்னையை மோட்டார் நகரம் என்று சொல்கிறவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் பக்கம் கை காட்டுவார்கள். அதற்கு வெகு முன்பே எங்கள் பக்கம் இரும்பும் ரப்பரும் வெந்துகொண்டிருந்தன. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி அனுப்பியது. 1955-ல்தான் அது அசோக் லேலண்ட் ஆனது. 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் வந்தது. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்து ஆரம்பித்த எம்ஆர்எஃப், 1961-ல் இதே திருவொற்றியூரில் டயர் செய்யத் தொடங்கியது. இவற்றையெல்லாம் செய்த கைகளில் பெரும்பாலானவை ஸ்டீயரிங் பிடித்ததில்லை. சைக்கிளில் வேலைக்குப் போய் சைக்கிளில் திரும்பிய கைகள்.

நைனாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தைந்து வருடம் டயர் கம்பெனியில் கியூரிங் செக்‌ஷனில் நின்றவர். பச்சை டயர் என்பார்கள், அதாவது வேகாத டயர். அதை அச்சுக்குள் வைத்து, உள்ளே ஒரு ரப்பர் பையை ஊதி, ஆவியின் சூட்டில் வேகவைப்பது கியூரிங். 150 டிகிரிக்கு மேல் போகிற சூட்டில்தான் கந்தகம் ரப்பரின் இழைகளை ஒன்றோடொன்று கோத்துக் கட்டும். பட்டனும் (தரையைத் தொடும் மேடுகளை அப்படித்தான் சொல்வோம்) பேரும் நம்பரும் டயரில் பதிவது அந்த அச்சில்தான். மாலையில் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் அவர் முன்கையில் ரப்பர் வாசனை இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

அவர்தான் என்னை சோழவரத்துக்குக் கூட்டிப் போனார். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் வருடாவருடம் பந்தயம் நடத்தியது. விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் அங்கேதான். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் தனித் தடம் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்துவிட்டது. ஆனால் நான் பத்து வயதில் பார்த்தது சோழவரத்தை. திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிறகு வெயிலில் நடை. தூக்குச் சட்டியில் புளிச்சோறு. கூட்டம் முழுக்க நீண்ட நேர்க்கோட்டுப் பகுதியில் நின்று வேகத்தைப் பார்க்கும். நைனா என்னைக் கையைப் பிடித்து வளைவுக்கு இழுத்துப் போவார். "அங்க என்னா இருக்குது, சத்தம்தான். இங்க நில்லு. டயர் எப்படி மடங்குது பாரு" என்பார். வண்டி வளையும்போது டயரின் வெளிப்பக்கத் தோள் அழுந்தி, தரையைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடிப்பதை அங்கேதான் பார்த்தேன். வேகம் என்றால் நேரே போவது என்று நினைத்திருந்த பையனுக்கு வண்டி தரையோடு பேசுகிறது என்று தெரிந்தது அன்றுதான்.

சரி, கார் கதைக்கு வருகிறேன்.

முதல் சீடியாவை 2011-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்த நேரம். கருநீல வண்டி. வாங்கிய அன்று வடிவுடையம்மன் கோவில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டார். ஐந்து வருடம் வைத்திருந்தேன். 2016-ல் விற்றேன். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பணமும் வேண்டும், ஏறி இறங்க உயரமான வண்டியும் வேண்டும். சீடியாவின் சீட்டு தாழ்வு. அம்மாவால் அதிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கேரளாவிலிருந்து வந்த ஒரு பையன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். தெரு முனையில் திரும்பும்போது அவன் இரண்டாவது கியரில் ஒரு தடவை முறுக்கினான். அந்தச் சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து, "வித்துட்டியாடா?" என்று கேட்டார். அதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அதன் பிறகு வந்தது ஒரு சின்ன எஸ்யூவி, ஆட்டோமேட்டிக். அதைக் குறை சொல்ல மாட்டேன். அம்மாவைக் கடைசி வரை சுமந்தது. மழையில் நின்றதில்லை, வழியில் மக்கர் பண்ணியதில்லை. இன்றும் வீட்டில் இருக்கிறது, மனைவி ஓட்டுகிறார். ஆனால் ஒன்றை மெல்ல மெல்லக் கவனித்தேன். அதில் ஆபீஸ் போய்ச் சேர்ந்தால் எந்த வழியாகப் போனேன் என்பது நினைவில் இருக்காது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடமா, காசிமேட்டில் மீன் வண்டியிலிருந்து தண்ணீர் ஒழுகி ரோடு வழுக்கும் இடமா, எதுவும் கையில் தங்காது. ஏசி, பாட்டு, போன், பாரிமுனை. இருபது வருடமாகப் போய்வருகிற சாலை எனக்குத் தெரியாத சாலையாகிக்கொண்டிருந்தது.

சீடியாவில் அப்படி இல்லை. எர்ணாவூர் மேம்பாலத்தில் இரண்டு கான்கிரீட் பாளங்கள் சேரும் இடம் எத்தனை, அதில் எது உயரம் என்று என் உள்ளங்கை சொல்லும். காரணம் மாயமில்லை. அதன் பவர் ஸ்டீயரிங் ஹைட்ராலிக். இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றும், அது தள்ளுகிற எண்ணெய் நம் கைக்கு உதவும். டயருக்கும் கைக்கும் நடுவே இரும்பும் எண்ணெயும் மட்டும்தான். சக்கரத்துக்கு அடியில் மணல் வந்தால் ஸ்டீயரிங் இலேசாகும். தார் மாறினால் அதிர்வு மாறும். இன்றைய கார்களில் மின்மோட்டார் உதவுகிறது. பெட்ரோல் மிச்சம், பார்க்கிங் சுலபம், நல்ல விஷயம்தான். அதிலும் சக்கரத்தோடு இரும்பு இணைப்பு உண்டு. ஆனால் எனக்குக் கிடைத்த வண்டிகளில் அந்த மோட்டார் சாலையின் பேச்சில் பாதியைத் தானே வைத்துக்கொண்டது.

அம்மா போய், பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகு தேட ஆரம்பித்தேன். எட்டு மாதம் தேடினேன். முதலில் பார்த்தது மாதவரத்தில் ஒரு வண்டி. பளபளவென்று பாலீஷ் போட்டு நிறுத்தியிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வடசென்னை முழுக்கத் தண்ணீர் நின்ற சில மாதங்கள் கழித்து. அந்த நேரத்தில் இந்தப் பக்கம் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் ஒன்று செய்ய வேண்டும்: சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் பகுதியைத் துடைத்துவிடுவார்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். இழுத்தேன். கோடு இருந்தது. சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன, ஸ்டெப்னி வைக்கும் குழியின் ஓரத்தில் நுண்மணல். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்து ஒன்று ராலி ஓடிய வண்டி. ஷாக் அப்சார்பர் பொருந்தும் மேடையில் வெல்டிங் மேல் வெல்டிங். அதன் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது, ஆனால் அது உழைத்து முடித்த உடம்பு.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர், ஒரே ஓனர், 78,000 கிலோமீட்டர். பதினாறு வருடத்து பில்களையும் ஒரு ஃபைலில் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். வயசாகிவிட்டது, கிளட்ச் மிதிக்க முட்டி ஒத்துழைக்கவில்லை என்றார். விலையை விட என்னைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எங்கே நிறுத்துவீர்கள், நிழல் உண்டா, யார் மெக்கானிக், கடற்கரைக்கு எவ்வளவு தூரம். கடல் அரை கிலோமீட்டர்தான் என்றதும் முகம் வாடியது. "அடியில மாசம் ரெண்டு தடவ நல்ல தண்ணி அடிச்சு விட்ருங்க" என்று வாக்கு வாங்கிக்கொண்டார். ஆர்சி பதினைந்து வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தது. சாவியைக் கொடுக்கும்போது அவர் வெளியே வரவில்லை. ஜன்னலருகில் நின்றார். தெரு முனை வரைக்கும் நான் இன்ஜினை நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் விடவில்லை. அவருக்குக் கேட்கக்கூடாது என்று தோன்றியது.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தேன். சேலம் வரை வெறுமனே பழகினேன். பிரேக் எங்கே பிடிக்கிறது, கிளட்ச் எங்கே விடுகிறது, ஐந்தாவது கியரில் தொண்ணூறில் ஏதாவது கூச்சலிடுகிறதா. சேலம் தாண்டி தொப்பூர் கணவாய் ஏற்றம் வந்தது. முன்னால் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் முக்கிக்கொண்டு போகிறது. வலது பக்கம் காலி. நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கி மிதித்தேன். டர்போ காரில் மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, அப்புறம் முதுகில் ஒரு தள்ளு. இதில் அந்த இடைவெளி இல்லை. கால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு வருகிறது. 3,000 சுற்றில் ஒரு குரல், நாலாயிரத்தைத் தாண்டியதும் இன்னொரு குரல். தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பிப்பது போல. அதன் இழுவை உச்சத்தைத் தொடுவது 4,250 சுற்றில், 175 நியூட்டன் மீட்டர். ஏற்றம் என்பதே மறந்துபோனது. டிரெய்லரைக் கடந்து இடது பக்கம் வந்து நாலாவது கியர் போட்டபோது என் கண்ணில் தண்ணீர் நின்றது. எட்டு வருடமாக எதை விட்டுவிட்டு இருந்தேன் என்று உடம்புக்குத்தான் முதலில் புரிந்தது.

சக்தி என்று நான் சொல்வது இதைத்தான். இன்று 115 குதிரைசக்தி பெரிய விஷயமில்லை. ஒரு லிட்டர் டர்போவே அதைத் தருகிறது. ஆனால் என் காலுக்கு அடியில் அது எப்போதும் தயாராக இருக்கிறது, எவ்வளவு கேட்டேனோ அவ்வளவே கொடுக்கிறது, கேட்காததைக் கொடுப்பதில்லை. வண்டி வழுக்கினால் தானே பிரேக் போட்டு நேராக்கும் இஎஸ்பி கிடையாது, நான் தப்புச் செய்தால் திருத்த ஆள் இல்லை. அதனால் கவனம் தானாக வருகிறது. வாங்கியதிலிருந்து நான் முன்பைவிட மெதுவாகவும் ஒழுங்காகவும்தான் ஓட்டுகிறேன் என்று மனைவி சொல்கிறார். எனக்கும் அது உண்மை என்று தெரிகிறது.

ஊருக்கு வந்ததும் நேராகத் தண்டையார்பேட்டையில் பாய் ஒர்க்‌ஷாப். என் முதல் சீடியாவைப் பார்த்தவர் அவர்தான். பானட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் பேசவில்லை. "மறுபடியும் வந்துட்டியா?" என்றார். என்னைக் கேட்டாரா காரைக் கேட்டாரா என்று தெரியவில்லை. ஒரு மாதம் வண்டி அங்கேயே இருந்தது. டைமிங் பெல்ட்டை ஃபைலில் இருந்த பில்லின்படி மாற்றி வருடக்கணக்காகிறது. இந்த இன்ஜினில் அது செயின் இல்லை, ரப்பர் பெல்ட், ஓடாமல் நின்றாலும் வயசாகும். அதோடு வாட்டர் பம்பும், பெல்ட் ஓடும் உருளையான ஐட்லரும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் எல்லாம் பிளந்திருந்தன. புது ஆர்ம் கிடைக்க நாளாகும் என்பதால் பழைய ஆர்மிலேயே லேத்தில் கொடுத்துப் புது புஷ் இறக்கினார். இரண்டு இன்ஜின் மவுண்டிங் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் அகப்பட்டன. ஒரு சென்சார் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது, பதினெட்டு நாள்.

பெட்ரோல் ஹோஸ்களை மாற்றச் சொன்னது நான். இந்த வண்டி செய்யப்பட்ட காலத்தில் பங்கில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கிடையாது. எத்தனால் சில பழைய வகை ரப்பரை ஊறவைத்து வீங்க வைக்கும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாமல் டேங்கை அரைகுறையாக வைத்திருப்பது இதனால்தான் கெடுதல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால், இருபது சதவீதக் கலப்பில் ஆறேழு சதவீதம் குறைகிறது. நகரத்துக்குள் எனக்கு எட்டரை கிலோமீட்டர் கொடுக்கிறது. தினமும் இதில் ஆபீஸ் போக முடியாது, அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்கினேன். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் சீடியா, மற்ற நாள் ரயில்.

எல்லாம் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த அன்று நைனா வெளியே வந்தார். வயது எழுபத்தொன்பது. தடி ஊன்றித்தான் நடக்கிறார். காரைச் சுற்றி வருவார், நிறத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் காரைப் பார்க்கவே இல்லை. தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி உட்கார்ந்தார். டயரின் பக்கவாட்டில் கட்டைவிரலை ஓட்டினார். நகத்தால் கீறினார். விரலை மோந்து பார்த்தார்.

"இது எப்ப டயர்னு பாத்தியா?"

"பட்டன் எல்லாம் அப்படியே இருக்குதே நைனா. அவர் அதிகமா ஓட்டவே இல்ல."

"பட்டன் இருக்குது. ரப்பர் செத்துப்போச்சு."

பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருந்த நாலு இலக்கத்தைப் படிக்கச் சொன்னார். 2716. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2016-ம் வருடம் இருபத்தேழாவது வாரத்தில் வெந்து இறங்கிய டயர். நான் என் முதல் சீடியாவை விற்ற அதே வருடம். ஒரு மாதமாக பாயும் நானும் இன்ஜினைப் பிரித்து மேய்ந்தோம். தொப்பூர் ஏற்றத்தில் நான் இந்த டயரை நம்பித்தான் டிரெய்லரைக் கடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த நம்பரைப் பார்க்கவில்லை.

நைனா உட்கார்ந்தபடியே விளக்கினார். வெந்த ரப்பரும் காற்றில் மெல்ல வெந்துகொண்டேதான் இருக்கும் என்றார். உள்ளே அதைத் தடுக்க ஒரு மருந்து சேர்த்திருப்பார்கள். டயர் உருண்டுகொண்டிருந்தால் அது உள்ளிருந்து மேலே வந்து காக்கும், நின்ற இடத்தில் நின்றால் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். "பாரு, தலமயிர் மாதிரி கோடு." குனிந்து பார்த்தேன். பட்டனின் அடிக்குழியில் மெல்லிய விரிசல்கள். "இதுல மழையில பிரேக் அடிச்சா தரையப் புடிக்காது, தேய்ச்சுக்கிட்டு போவும்." சொல்லிவிட்டு எழுந்திருக்கக் கை நீட்டினார்.

மறுநாள் நாலு டயரும் மாற்றினேன். கடையில் நைனாவும் வந்து உட்கார்ந்தார். கொண்டுவந்த ஒவ்வொரு டயரின் நம்பரையும் படித்துவிட்டு ஒன்றைத் திருப்பி அனுப்பினார். மற்ற மூன்றைவிட ஏழு மாதம் பழசு. கடைக்காரத் தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "முப்பத்தஞ்சு வருஷம் இத வேகவெச்சவன் நான்" என்றார் நைனா. அவன் உள்ளே போய் வேறொன்று எடுத்துவந்தான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். புறப்படும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பார்த்தேன்; ஓடிய பிறகு பார்த்தால் சூட்டில் அழுத்தம் ஏறிப் பொய் சொல்லும். சீட்டு தாழ்வு என்று பயந்தேன். அவர் முதலில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். மணலி வழியாக, மாதவரம், செங்குன்றம், ஜிஎன்டி ரோடு. லாரிகளின் பின் விளக்குகள் சிவப்பு மாலை மாதிரி போய்க்கொண்டிருந்தன. அவர் பேசவில்லை. சோழவரம் வந்ததும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஓடுதளம் இருக்கும் பக்கமாகப் பார்த்தார். இருட்டில் ஒன்றும் தெரியாது. ஏரிக் காற்று மட்டும் வந்தது.

"புளிச்சோறு ஞாபகம் இருக்குதா?" என்றார்.

"இருக்குது நைனா."

அங்கிருந்து வெளிவட்டச் சாலையில் ஏறி மீஞ்சூர் பக்கம் திரும்பினேன். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வருகிற சாலை. இந்தக் கடைசிப் பகுதியில் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. கிழக்கே வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. நீளமான ஒரு வளைவு வந்தது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மூன்றாவது கியருக்கு இறக்கி, ஒரே சீராக அழுத்தம் கொடுத்து அதற்குள் நுழைந்தேன். பெரிய வேகமில்லை, எண்பதுக்குள்தான். புது டயர் தரையைப் பிடித்தது என் கைக்கு வந்து சேர்ந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். சீட்டின் ஓரத்தைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"புடிக்குது" என்றார்.

அவர் செய்த டயரில் அவர் இப்படி ஒரு வளைவைக் கடந்ததே இல்லை. பஸ்ஸில் போயிருக்கிறார், ஆட்டோவில் போயிருக்கிறார், அம்மாவோடு அந்த எஸ்யூவியில் எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஆனால் சோழவரம் வளைவில் நின்று வெளியிலிருந்து பார்த்ததை உள்ளே உட்கார்ந்து அவர் உணர்ந்தது அன்றுதான். இன்னொரு வளைவு வருமா என்று கேட்டார். வந்தது. அதற்கடுத்தும் ஒன்று வந்தது.

மீஞ்சூரில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். நான் டீ சொல்லப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் கதவைத் திறந்து தானாகவே இறங்கியிருந்தார். தடியைக் கூரைமேல் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு டயராகச் சுற்றிவந்து உள்ளங்கையைப் பட்டனின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளி ஓரம், நடு, உள் ஓரம். மூன்று இடம், நாலு டயர். அவசரமே இல்லை. நான் இரண்டு டம்ளரையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வலது முன் டயரில் கையை எடுக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வை. இப்ப உள்ள வை. தெரியுதா?"

டீயை பானட்மேல் வைத்துவிட்டுக் குனிந்து கையை வைத்தேன். வெளிப்பக்கம் வெதுவெதுப்பு. உள்பக்கம் அதைவிடக் கொஞ்சம், மிகக் கொஞ்சம்தான், சூடு.

"உள்தோள் அதிகமா உழைக்குது. புஷ் மாத்தினப்புறம் அலைன்மென்ட் பாத்தானா அந்த பாய்?"

பார்த்தார், ஆனால் பழைய டயரில் பார்த்தார் என்று சொன்னேன்.

"திங்கக்கெழம மறுபடி பாக்கச் சொல்லு. நானும் வரேன்" என்றார். அப்புறம் டீயை எடுத்துக்கொண்டார்.